மே மாதத்தில் போட்ட பாதை

ஜவ்வாது மலையில் சைக்கிள் குழுக்கள் இப்போது விரும்பிப் போகும் மண்பாதை ஒன்று இருக்கிறது. காட்டு ஓரமாக ஏறி, இரண்டு ஏரிகளைத் தொட்டு, மறுபக்கம் வனத்துறைச் சோதனைச்சாவடியில் இறங்கும். அதைப் போட்டவர் என் அண்ணி ஹில்டா. போட்டவர் என்றால் மண்வெட்டி பிடித்து வெட்டியவர் அல்ல. மாட்டு வண்டித் தடங்களையும், ஊரார் சந்தைக்குப் போகிற ஒற்றையடிப் பாதைகளையும், சரளைக்கல் கொட்டி அப்படியே விட்டுவிட்ட சாலைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து, இந்த வழியாகப் போனால் கடைசியில் வருபவரும் பத்திரமாக வந்து சேரலாம் என்று கண்டுபிடித்தவர்.

போன ஆகஸ்டில் அண்ணி தவறிவிட்டார். நல்லவர், ஜெபிக்கிறவர், வந்தவர்களுக்கு வயிறு நிறையச் சோறு போட்டவர் என்று அடக்க ஆராதனையில் எல்லாரும் சொன்னார்கள். எல்லாம் உண்மை. பாதையைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் அதை நான் எழுதுகிறேன்.

அண்ணி சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தார். கம்ப்யூட்டர் வேலை இல்லை. டிரான்ஸ்போர்ட் டெஸ்க். தாம்பரம், மேடவாக்கம், பெரும்பாக்கம், கேளம்பாக்கம் என்று எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும், யாரை முதலில் இறக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மேசை. மற்றவர்கள் கம்பெனி வாசலிலிருந்து ரூட் போடுவார்கள். அண்ணி கடைசியாக இறங்குகிறவரின் வீட்டு வாசலிலிருந்து போடுவார். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஒரு பெண்ணை டிரைவர் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுகிறார் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு கணவர் ஐசக் அண்ணனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்தப் பிளாக் வரைக்கும் போய்விட்டு வந்தார்.

"உள்ளாற ரிவர்ஸ் எடுக்க முடியாது மேடம். வண்டி மாட்டிக்கும்" என்று டிரைவர் மறுநாள் போனில் சொன்னது எங்கள் சாப்பாட்டு மேசை வரை கேட்டது.

"ரிவர்ஸே வேணாம்ணா. ரேஷன் கடையைத் தாண்டினா காலி இடம் இருக்கு. அங்க ஒரு ரவுண்டு அடிச்சிடலாம்."

"நீங்க எப்ப மேடம் பார்த்தீங்க?"

"நேத்து. ஒரு தண்ணி லாரியே திரும்பிச்சு. உங்க வண்டி திரும்பாதா?"

அந்தப் பெண் அதற்குப் பிறகு வீட்டு வாசலில்தான் இறங்கினாள்.

சைக்கிள் வந்தது சர்க்கரை நோயால். தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். எங்கள் வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெரு. அண்ணி சில மாதம் ஏரியைச் சுற்றி நடந்தார். பிறகு ஒருநாள் என்னிடம், "சுத்திச் சுத்தி அதே ஆளுங்க, அதே குட்மார்னிங். எனக்கு எங்கயாவது போய்ச் சேரணும் ஜெரூ" என்றார். எதிர்வீட்டு உமேஷ் சனிக்கிழமைகளில் ஒரு சைக்கிள் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அண்ணி அதில் சேர்ந்தார். பின்னாலேயே என்னையும் இழுத்துக்கொண்டார்.

குழு அப்போது போய்வந்தது வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில். டிப்பர் லாரிகள் முதுகில் மூச்சு விடும் சாலை. இரண்டாவது வாரமே அண்ணி, "இதுல என்ன சந்தோஷம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு, வேறு வழி தேட ஆரம்பித்தார். மாடம்பாக்கம் ஏரிக்கரை, அகரம்தென் தாண்டி வயல் வரப்பை ஒட்டிய செம்மண் தடம், மனைப் பிரிவு போட்டு விற்காமல் கிடந்த சரளைச் சாலைகள். ஒரு வருடத்தில் எங்கள் குழு தார்ச்சாலையைக் குறுக்கே கடப்பதோடு சரி. அப்படிப்பட்ட பாதைகளுக்கென்றே செய்த கிராவல் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வளைந்த ஹேண்டில்பார், தடித்த டயர். ஐசக் அண்ணன் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரேஸ் சைக்கிளா, மாட்டு வண்டியா? ஏதாவது ஒண்ணா முடிவு பண்ணக்கூடாதா?" என்றார்.

அண்ணி வேகமாக ஓட்டுகிறவர் அல்ல. எப்போதும் கடைசியில்தான் வருவார். அது இயலாமை இல்லை, அவர் எடுத்துக்கொண்ட இடம். யாருக்குப் பஞ்சர் ஆனாலும், யாருக்கு மயக்கம் வந்தாலும், பின்னால் ஒருவர் வந்துகொண்டிருக்கிறார் என்ற தைரியம் எல்லாருக்கும் இருந்தது.

மலைக்குப் போகலாம் என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் ஏற்காடு, கொடைக்கானல் என்றார்கள். அண்ணி ஜவ்வாது மலையைப் பிடித்துக்கொண்டார். காடு இருக்கிறது, ஏரிகள் இருக்கின்றன, சுற்றுலா பஸ் கூட்டம் இல்லை, தாம்பரத்திலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்விடலாம். ஆனால் அவர் மனதில் வைத்திருந்த வழி காப்புக்காட்டைத் தொட்டுப் போனது. வனத்துறை அனுமதி வேண்டும். அண்ணி லீவு போட்டுவிட்டுப் போய், ரேஞ்ச் ஆபீஸில் காத்திருந்து, ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் வாங்கிவிட்டார். அந்த வழியில் சைக்கிள் குழுவுக்குக் கிடைத்த முதல் அனுமதி அது என்று ஆபீஸில் சொன்னார்களாம். இரண்டு நிபந்தனைகள். குறித்த பாதையை விட்டு ஒருவரும் விலகக் கூடாது. உள்ளே போனவர்கள் அத்தனை பேரும் மாலை ஐந்தரைக்குள் கீழ்ச் சோதனைச்சாவடியில் ஒன்றாக வெளியே வர வேண்டும். மீறினால் மறுபடி அனுமதி கேட்டு வரவே வேண்டாம். பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவர் அண்ணி. அந்த அனுமதி போனால் பாதையும் போயிற்று. இது அவருக்கு எங்கள் எல்லாரையும் விட நன்றாகத் தெரியும்.

பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து வரைய வேண்டும். ஐசக் அண்ணன் கிழக்குத் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியர். அவருக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில்தான். அதனால் எங்கள் குடும்பத்தில் எல்லாக் காரியமும் மே மாதத்தில்தான் நடக்கும். கல்யாணம், வெள்ளையடிப்பு, வேளாங்கண்ணிப் பயணம். மலைப்பாதையும் அப்படியே. அண்ணி சைக்கிளிலும், அண்ணன் தண்ணீர்க் கேனைக் கட்டிய பைக்கில் பின்னாலும் போனார்கள். முதல் ஏரியைத் தாண்டி ஒரு பெரிய வெட்டவெளி வந்தது. நடுவில் வண்டித்தடம் நேராகப் போனது. ஓரத்தில் ஊர் இளவட்டங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பைக்கை நிறுத்தி ஒரு ஓவர் போட்டார். அதில் இரண்டு நோ-பால். அண்ணி அதற்குள் அந்தத் தடத்தில் மறுகரைக்குப் போய்விட்டார். போன வழியைப் பதியும் அவர் கைக்கடிகாரம் கோடு கிழித்ததுபோல் ஒரு நேர்ப்பாதையைப் பதிவு செய்துகொண்டது.

அந்த மைதானம்தான் இரண்டாவது ஏரி.

சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கத்து ஏரிக்குச் சுற்றுச்சுவர் உண்டு, வேலி உண்டு, நடைபாதை உண்டு, பெரிய பெயர்ப்பலகை உண்டு. தண்ணீரும் இல்லாமல் பலகையும் இல்லாமல் கிடக்கும் இடத்தை ஏரி என்று நினைக்க எங்களுக்குப் பழக்கம் இல்லை.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை நாங்கள் பன்னிரண்டு பேர் மலையேறினோம். அந்த வருடம் கார்த்திகை முழுக்க மழை. காடு கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. பாதையில் சரளை மேலே சிவந்த மண் படிந்து, டயர் அதில் ஓடும்போது அப்பளம் நொறுங்குகிற சத்தம். அறுவடை முடிந்த சாமைக் கொல்லைகள், பலா மரங்கள், மீண்டும் காடு. முதல் ஏரிக்கரையில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். மணி கேட்டுக்கொண்டே இருந்த உமேஷ்கூட, "அக்கா, நம்ம குழு போட்டதுலயே இதுதான் பெஸ்ட் ரூட்" என்றார். அண்ணி ஊறுகாய் டப்பாவை அவர் பக்கம் தள்ளினார்.

மூன்று மணிக்கு மேல் இரண்டாவது ஏரிக்கு வந்தோம். பாதை நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது.

கரை வரைக்கும் தண்ணீர். நடுவில் கருவேல மரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. உமேஷ் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த கருவியை உற்றுப் பார்த்தார்.

"நேரா போகச் சொல்லுதே அக்கா."

"சொல்லும். நான்தானே வரைஞ்சேன்."

"நீச்சல் டிரெஸ் கொண்டு வரணும்னு மெசேஜ்ல போடவே இல்லையே அக்கா" என்றாள் குழுவில் புதிதாகச் சேர்ந்த மாளவிகா. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன்.

கரையில் எருமைகளோடு ஒரு பெண் நின்றிருந்தார். "ஏன்மா, ஏரிக்குள்ளாற எங்க போறீங்க?"

"மே மாசம் இந்த வழியாத்தான் போனேன்மா" என்றார் அண்ணி.

"மே மாசம் எங்க எருமைங்ககூட அப்பிடித்தான் போவும். இப்ப சுத்திக்கினு போவும்."

அண்ணி எங்கள் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடது. நான் கோடையில மட்டும் பார்த்துட்டு வரைஞ்சுட்டேன். கரை ஊர்ப் பொது வழி, அது மேல ஏறிச் சுத்தித்தான் போகணும். அஞ்சரைக்குள்ள கீழ போய்ச் சேர முடியாது."

உமேஷ் ஏற்கெனவே வேறு வழி பார்த்துவிட்டிருந்தார். இடது பக்கம் ஒரு பழைய தடம், மரம் வெட்டிய காலத்தில் லாரிகள் போனது, குறுக்கே ஒரு சங்கிலி. நுழையக் கூடாது என்று பலகை. "இது நேரா கீழதான் போவுது அக்கா. மேப்ல தெரியுது. அஞ்சரைக்கு முன்னாடியே போயிடலாம். யார் பார்க்கப் போறாங்க?"

"பலகையை நாம பார்த்துட்டோமே."

"அக்கா, லேட்டா போனா பர்மிஷன் போயிடும். இது உங்களுக்கே தெரியும். வேணும்னா ஒண்ணு பண்ணலாம். நாங்க வேகமா போறவங்க ஆறு பேர் முன்னாடி போயிடறோம். மீதிப் பேர் வந்துகிட்டே இருக்காங்கன்னு சொல்லி சமாளிக்கிறோம்."

"ஒண்ணாத்தான் வெளிய வரணும்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் உமேஷ்."

"அப்போ என்னதான் பண்றது?"

அண்ணி போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி ஒரு பாறை மேடு ஏறினார். நான் பின்னாலேயே போனேன். கம்பெனியில் பள்ளிக்கரணை வெள்ளத்தில் வண்டிகள் நின்றுபோன நாட்களில் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். வேறு வழி தேடுவது அப்புறம். தெருமுனையில் காத்திருக்கிறவர்களுக்கு முதலில் போன் போட வேண்டும்.

கீழ்ச் சாவடியில் அன்று இருந்தவர் வனவர் கோகிலவாணி. அவர் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"எங்க மேடம் கீறீங்க?"

அண்ணி சொன்னார். மே மாதத்தில் வரைந்தது, ஏரி நிரம்பியிருப்பது, கரையைச் சுற்றி வர இருப்பது, ஐந்தரைக்கு வர முடியாது என்பது எல்லாவற்றையும்.

"ஏரியில தண்ணி இருக்கும்னு தெரியாதா மேடம் உங்களுக்கு?"

"தெரியலை மேடம்."

கோகிலவாணி ஒரு நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "லேட்டா வந்தா லேட்டுன்னுதான் எழுதுவேன். அடுத்த வருஷம் பர்மிஷன்னு வந்து நிக்கக் கூடாது. இன்னா, புரியுதா?" என்றார்.

"புரியுது மேடம். எழுதுங்க. நாங்க பன்னெண்டு பேரும் வந்துடுவோம்."

இறங்கி வந்ததும் உமேஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்களே போய் மாட்டிக்கிட்டீங்களே அக்கா! சொல்லாம இருந்திருந்தா ஏதாவது பேசிப் பார்த்திருக்கலாம். ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்கினது இது."

"அலைஞ்சது நான்தான்பா" என்றார் அண்ணி. "அங்க ஒரு பொம்பளை இருட்டுற நேரத்துல காட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். பன்னெண்டு பேருக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம நிக்கக் கூடாது."

அண்ணி என்னை அழைத்தார். குழுவில் மிக மெதுவாக ஓட்டுகிறவள் நான். "ஜெரூ, நீ முன்னாடி போ. உன் வேகம்தான் இன்னைக்கு எல்லாருக்கும் வேகம்."

"நான் போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம் அண்ணி."

"போலாம். சோறு மிச்சம் இருக்கு."

கரையின் கோடியில் கலங்கல். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கல்கட்டு. அதன் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே பாசி. அண்ணி முதலில் சைக்கிள் இல்லாமல் நடந்து போய்த் திரும்பி வந்தார். ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைகோத்து நின்று, சைக்கிள்களை ஒவ்வொன்றாகக் கை மாற்றினோம். முணுமுணுத்துக்கொண்டே வந்த உமேஷ்தான் தண்ணீர் வேகமாக விழுகிற பக்கம் போய் நின்றுகொண்டார். குளிர்ந்த தண்ணீர் காலை அறுத்தது. ஒருவர்கூட விழவில்லை.

சாவடிக்கு வந்தபோது மலை கருத்துவிட்டிருந்தது. கோகிலவாணி தடுப்புக்கட்டைக்குப் பக்கத்தில் டார்ச்சோடு நின்றிருந்தார்.

"யாரும் நகராதீங்க. தலையை எண்ணிக்கிறேன்."

ஒவ்வொரு முகமாக வெளிச்சம் அடித்து எண்ணினார். அண்ணிதான் கடைசி. அவரிடம் வந்ததும் டார்ச்சைத் தாழ்த்தினார். "பன்னெண்டு. சரியா கீது."

"மேடம், ஏரி நிரம்பினதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்று உமேஷ் ஆரம்பித்தார்.

"ஏரி நிரம்பும் உமேஷ். அது அதோட வேலை" என்றார் அண்ணி. பிறகு கோகிலவாணியிடம், "எழுதிக்குங்க மேடம். உங்களை நிக்க வெச்சுட்டோம், மன்னிச்சுக்குங்க" என்றார்.

அவர் எழுதினார். மறு வருடம் எங்களுக்கு அனுமதி இல்லை.

குழுவின் வாட்ஸப்பில் ஒரு மாதம் இதே பேச்சு. ஒருவர் எழுதினார், "நேர்மை நல்லதுதான், ஆனா ரூட்டு போச்சே." இரண்டு பேர் வேறு குழுவுக்குப் போய்விட்டார்கள். அந்த நவம்பரில், மழை விட்ட ஒரு சனிக்கிழமை அண்ணி, "ஜெரூ, மலைக்குப் போகணும், வர்றியா?" என்று கேட்டார். காருக்கு உமேஷைக் கேட்டிருந்தார். உமேஷ் வழி முழுக்க, "பர்மிஷன் இல்லாத இடத்துக்கு எதுக்கு அக்கா போறோம்?" என்று கேட்டபடியே ஓட்டினார்.

காப்புக்காட்டுக்குள் நாங்கள் போகவில்லை. அடிவாரத்து ஊரிலிருந்து ஏரி வரை பொதுப்பாதை. அண்ணி கரையைச் சுற்றி ஓட்டினார். கலங்கலுக்குக் கீழே, கொல்லைகளுக்கு நடுவில் ஊரார் கட்டிய சின்னப் பாலம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன் மேல் போய் வந்தார். மழை வந்தபோது ஒரு புளியமரத்தடியில் நின்றார். விட்டதும் மறுபடி போய் வந்தார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. கோடையில் ஒரு தடவையும் மழைக்குப் பிறகு ஒரு தடவையும் ஓட்டிப் பார்க்காத பாதையை யாருக்கும் தரக் கூடாது. ஐசக் அண்ணனின் மே மாத ஆட்சி அதோடு முடிந்தது.

திரும்பும் வழியில் ரேஞ்ச் ஆபீஸில் காரை நிறுத்தச் சொன்னார். கோகிலவாணி அங்கே இருந்தார். அண்ணியைப் பார்த்ததும், "பர்மிஷன் கிடையாதுன்னு சொன்னேனே மேடம்" என்றார்.

"அது கேக்க வரலை மேடம்." அண்ணி புதிதாக வரைந்த பாதையின் இரண்டு படங்களை மேசையில் விரித்தார். ஒன்று கோடைக்கு, ஒன்று மழைக்காலத்துக்கு. "என்னோட பழைய பாதையை இன்டர்நெட்ல போட்டிருந்தேன். அழிச்சுட்டேன். ஆனா அதுக்குள்ள எத்தனை பேர் எடுத்து வெச்சிருக்காங்களோ தெரியாது. வேற குழு யாராவது வந்து அனுமதி கேட்டா, இதைக் குடுங்க. ஜனவரியில ஏரிக்குள்ள இறங்க வேணாம்னு சொல்லுங்க."

"உங்களுக்கே பர்மிஷன் இல்ல. மத்தவங்களுக்கு வழி குடுக்குறீங்களா?"

"தெரியாம யாராவது தண்ணியில இறங்கிட்டா என்ன மேடம் பண்றது?"

கோகிலவாணி படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

உமேஷ் காரை எடுத்தார். வந்தவாசி தாண்டித்தான், "சாரி அக்கா" என்றார். "எதுக்குப்பா? கார் நல்லாத்தானே ஓட்டறே" என்றார் அண்ணி.

அனுமதி இல்லாத அந்த வருடம் முடியும் தறுவாயில் ஆபீஸிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். அனுமதி தரலாம், ஆனால் வேலூர்க் குழுவும் பெங்களூர்க் குழுவும் முன்னால் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் போன பிறகுதான் உங்கள் முறை என்றார்கள். உமேஷ் கொதித்துப்போனார். "நம்ம ரூட்டுக்கு நாமளே க்யூல நிக்கணுமா?"

"நிக்கலாம்பா" என்றார் அண்ணி. நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை. "க்யூ நிக்குதே, அதைப் பாரு!"

எங்கள் முறை பிப்ரவரியில் வந்தது. ஏரி அப்போதும் நிறைந்துதான் இருந்தது. கரையில் எதிரே நான்கைந்து சைக்கிள்கள் வந்தன. அடிவாரத்திலிருந்து ஏரி வரைக்கும் மட்டும் ஓட்ட வந்த வேலூர்ப் பக்கத்து இளைஞர்கள். கடைசியில் வந்துகொண்டிருந்த அண்ணியைப் பார்த்து ஒருவன் நிறுத்தினான்.

"அக்கா, கலங்கல் மேல ஏறிடாதீங்க. பாசி வழுக்கும். கீழ ஒரு பாலம் கீது. ஃபாரஸ்ட் ஆபீஸ்ல குடுத்த மேப்ல போட்டிருக்கு பாருங்க."

உமேஷ் வாயைத் திறந்தார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். உமேஷ் மூடிக்கொண்டார்.

"அப்படியா தம்பி? ரொம்ப தாங்க்ஸ்" என்றார் அண்ணி. "ரூட் எப்படிப்பா இருக்கு?"

"செம ரூட்டுக்கா. ஆனா ஏரிக்கு முன்னாடி வர்ற அந்த ஏத்தம் இருக்கே, அதை எவன் போட்டானோ, மனசாட்சியே இல்லாதவன்."

அண்ணி சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாம்பா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கும் அங்க மூச்சு வாங்குச்சு."

பிறகு எங்களை முன்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அவன் சொன்னபடியே பாலத்தின் பக்கம் இறங்கினார்.